பதினஞ்சு லட்சத்தை விடுங்க, தேதியைக் கேளுங்க

கொல்லிமலையில இருந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு. 'மேலும் படிக்க'வை அமுக்கிட்டு கடைசி வரைக்கும் வாங்க. தப்புன்னு பட்டா தரவோட சண்டைக்கு வாங்க, சந்தோஷமா பேசலாம்.

மோடி ஆட்சி நல்லாட்சியா, இல்லையா? 2014 மே 26-ல அவர் முதல் தடவை பதவியேத்த நாள்ல இருந்து நாட்டுல பாதிச் சண்டை இந்த ஒரு கேள்வியிலதான் ஓடுது. டிவியில ஓடுது, ஃபேமிலி குரூப்புல ஓடுது, கல்யாண மண்டபப் பந்தியில ஓடுது. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தா, செம்மேடு டீக்கடையிலயும் அதேதான் ஓடுது.

இதுல ரெண்டு பக்கமும் ஒரு டயலாக்கை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க. அந்தப் பக்கம், "அவர் இல்லேன்னா நாடே இருக்காது." இந்தப் பக்கம், அதாவது நம்ம பசங்க, "அவர் ஒண்ணுமே செய்யல." முதல் டயலாக்குக்கு முட்டுக் கொடுக்க அவங்ககிட்ட ஆள் இருக்கு, அதை அவங்க பாத்துக்கட்டும். ரெண்டாவது டயலாக்கைப் பத்தி நமக்குள்ள கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும்.

வாழவந்தி நாட்டுல என் மாமா ஒருத்தர் இருக்கார். ரெண்டு ஏக்கர். சில்வர் ஓக் மரத்துல மிளகு ஏத்தி விட்டிருக்கார், கீழ காப்பி, மிச்ச நிலத்துல குச்சிக்கிழங்கு. 2019-ல இருந்து வருஷத்துக்கு மூணு தடவை அவர் போன்ல 'டிங்'னு மெசேஜ் வருது, 2,000 ரூபா வரவு. பிஎம் கிசான். அவருக்கு முன்னாடி போய் நின்னு "மோடி ஒண்ணுமே செய்யல மாமா"ன்னு சொன்னா என்ன ஆகும்? அவர் நம்மளைத் திட்டக்கூட மாட்டார். போனை எடுத்துக் காட்டுவார். அதுக்கப்புறம் நாம சொல்ற நியாயமான பத்து விஷயமும் அவர் காதுல ஏறாது.

அதே மாமாகிட்ட வேற மாதிரி பேசலாம். "மாமா, 2019 பிப்ரவரியில கோரக்பூர்ல இந்தத் திட்டத்தைத் தொடங்கினப்ப வருஷத்துக்கு 6,000. இன்னைக்கும் 6,000. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டா 16 ரூபா சொச்சம். இத்தனை வருஷத்துல உங்க உர மூட்டை, களையெடுக்கற கூலி, தலைச்சுமைக் கூலி எது மாமா ஏறாம இருக்கு? இதை 12,000 ஆக்குங்கன்னு 2024 டிசம்பர்ல நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழுவே சொல்லியாச்சு. ஏன் ஆக்கல?" இந்தக் கேள்விக்கு மாமா யோசிப்பார். ஏன்னா இது அவரோட கணக்கு.

இன்னொண்ணும் அவரே சேர்த்துச் சொல்லுவார். 2019 பிப்ரவரி 1 அன்னைக்கு யார் பேர்ல நிலம் இருந்துச்சோ அவங்களுக்குத்தான் இந்தப் பணம், வாரிசா வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. மலையில பட்டா இன்னும் தாத்தா பேர்லயே கிடக்குற குடும்பங்கள் எத்தனைன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். குத்தகைக்கு உழுறவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அடுத்தவன் தோட்டத்துல மிளகு பறிக்கிற பொம்பளைக்கும் ஒண்ணும் இல்ல.

சரி, பதினஞ்சு லட்சத்துக்கு வருவோம். நம்ம பக்கத்துல எந்தப் பதிவு போட்டாலும் கீழ நாலு பேர் "என் 15 லட்சம் எங்க?"ன்னு போடுறாங்க. 2013 நவம்பர்ல சத்தீஸ்கர் கூட்டத்துல அவர் பேசுனதைத் திரும்பக் கேளுங்க. வெளிநாட்டுல இருக்குற கருப்புப் பணம் மொத்தமும் வந்தா ஒவ்வொரு ஏழைக்கும் 15, 20 லட்சம் சும்மாவே கிடைக்கும்கற மாதிரி பேசினார். போடுறேன்னு நேரடியா சொல்லல, ஆனா கேக்குறவங்க அப்படி நினைச்சுக்கற மாதிரி பேசினார். 2015-ல அமித் ஷா அதை 'ஜும்லா'ன்னு சொல்லி முடிச்சுட்டார். அதாவது, பேச்சுக்குச் சொன்னது. நாம இன்னும் அதையே புடிச்சுத் தொங்கினா, "அவர் அப்படிச் சொல்லவே இல்லை"ன்னு ஒரு வீடியோவைப் போட்டு நம்மளைத்தான் பொய்யன்னு ஆக்குவாங்க. பாதி ஜெயிப்பாங்க. அது நமக்குத் தேவையா?

அவரே வாயால தேதி போட்டுச் சொன்ன விஷயங்கள் இருக்கு. அதுக்கு மறுப்பு வீடியோ கிடையாது. அந்த ஆட்சியை எடை போட அவரோட தேதியே போதும். நம்ம மீம் எதுவும் வேண்டாம்.

2016 பிப்ரவரி 28, உத்தரப் பிரதேசம் பரேலி. விவசாயிகளோட கூட்டம். 2022-ல நாடு சுதந்திரம் வாங்கி 75 வருஷம் ஆகும்போது விவசாயி வருமானம் ரெட்டிப்பா ஆகணும், அதுதான் என் கனவுன்னார். அப்புறம் அது அரசாங்கத்தோட இலக்காவே ஆச்சு, கமிட்டி எல்லாம் போட்டாங்க. 2022 வந்துச்சு, போச்சு. நபார்டு வங்கி எடுத்த கணக்கெடுப்புப்படி ஒரு விவசாயக் குடும்பத்தோட சராசரி மாத வருமானம் 2016-17-ல 8,931 ரூபா, 2021-22-ல 13,661 ரூபா. ரெட்டிப்புன்னா 17,862 வந்திருக்கணும். இதுவும் விலைவாசி ஏத்தத்தைக் கழிக்காம சொல்ற கணக்கு. கழிச்சா இன்னும் சுருங்கும். நபார்டு யாரோட வங்கி? ஒன்றிய அரசோடது. நம்ம ஐடி விங் தயாரிச்ச நம்பர் இல்ல.

2020 ஆகஸ்ட் 15, செங்கோட்டை. இன்னும் 1,000 நாள்ல நாட்டுல இருக்குற 6 லட்சம் கிராமத்துக்கும் ஆப்டிகல் ஃபைபர் வந்துரும்னார். நான் ஈசிஇ படிச்சவன். படிப்பு முடிச்சுட்டு ஊர்ல உக்காந்து வேலை தேடலாம்னு இருந்தவனுக்கு அந்தப் பேச்சு தேன் மாதிரி இருந்துச்சு, ஒளிச்சு என்ன பண்றது. 1,000 நாள் 2023 மே மாசத்தோட முடிஞ்சுது. அந்த நேரத்துல கேபிள் போயிருந்தது ஏறக்குறைய 2 லட்சம் கிராம ஊராட்சிக்கு. ஊராட்சிக்குத்தான், ஒவ்வொரு ஊருக்கும் இல்ல. கொல்லிமலையில ஒரு ஊராட்சின்னா அது ஒரு நாடு. 14 நாடு, ஒவ்வொரு நாட்டுக்கும் அங்கங்க சிதறிக் கிடக்குற ஊருங்க. ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் கேபிள் வந்தாலும் அடுத்த மேட்டுல இருக்குற ஊருக்கு அது வந்த மாதிரி ஆகாது. அதே 2023 ஆகஸ்ட்ல 1.39 லட்சம் கோடிக்கு பாரத்நெட் திட்டத்தைத் திருத்தி மறுபடி ஒப்புதல் கொடுத்தாங்க. முடிஞ்ச வேலைக்கு யாராவது திரும்ப இவ்வளவு பணம் ஒதுக்குவாங்களா?

ஒரு சின்ன நேர்மை இங்க வேணும். தமிழ்நாட்டுல இந்தக் கேபிள் வேலையைச் செய்றது டான்ஃபினெட்ங்கற மாநில அரசு நிறுவனம். அதனால இந்த ஒரு விஷயத்துல கேள்வியை டெல்லிக்கு மட்டும் அனுப்புனா பத்தாது, சென்னைக்கும் ஒரு காப்பி போகணும். மலை ரோட்டுல தடுப்புச் சுவர் இடிஞ்சாலும், டவுன் பஸ் டிரிப் கட் ஆனாலும் "மோடி ஒழிக"ன்னு போடுற தோழர்களுக்கும் இதே பதில்தான். அந்த ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறை. பஸ் மாநிலப் போக்குவரத்துக் கழகம். எது யார் வேலைன்னு தெரியாம திட்டுனா நிஜமாவே பொறுப்பானவர் தப்பிச்சுருவார்.

2019 ஆகஸ்ட் 15, மறுபடி செங்கோட்டை. 2024-க்குள்ள எல்லாக் கிராமத்து வீட்டுக்கும் குழாய்த் தண்ணி. இதுல அவங்க பக்கம் நிஜமான வேலை நடந்திருக்கு, மறைக்க வேண்டியதில்ல. தொடங்கும்போது 3.23 கோடி வீட்டுலதான் குழாய் இருந்துச்சு, 2025 தொடக்கத்துல 15 கோடியைத் தாண்டிருச்சு. பெரிய விஷயம்தான். ஆனா மிச்சம் இருக்குற கோடிக்கணக்கான வீடுங்க பெரும்பாலும் எங்க இருக்கும்? சமவெளியில குழாய் போடறது சுலபம். பாறையும் பள்ளமும் இருக்குற இடம், ஊர் சிதறிக் கிடக்குற இடம், தண்ணியை மேல ஏத்த கரண்ட்டும் மோட்டாரும் வேணுங்கற இடம், அதெல்லாம்தான் கடைசியா வரும். 2025 பட்ஜெட்ல திட்டத்தை 2028 வரைக்கும் நீட்டிச்சுட்டாங்க.

2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. 50 நாள் கொடுங்கன்னு கேட்டார். செல்லாதுன்னு சொன்ன நோட்டுல 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பி வந்துருச்சுன்னு 2018-ல ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கையே சொல்லிருச்சு. மதுரை எய்ம்ஸ் செங்கல் கதையும் எல்லாருக்கும் தெரியும். விடுங்க.

இப்ப எங்க ஊர் விஷயத்துக்கு வரேன். இதைத்தான் எழுதணும்னு உக்காந்தேன்.

2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு ஐநா சபை அறிவிச்சுது. இந்தியா முன்மொழிஞ்சு, 70-க்கு மேல நாடுங்க ஆதரிச்சு வந்த அறிவிப்பு. பிரதமரோட சாதனைப் பட்டியல்ல இதுக்கு ஒரு இடம் உண்டு. அந்த வருஷ பட்ஜெட்ல நிதியமைச்சர் சிறுதானியத்துக்கு 'ஸ்ரீ அன்னா'ன்னு பேர் வெச்சே பேசினாங்க. செப்டம்பர் 9-ஆம் தேதி டெல்லி பாரத் மண்டபத்துல ஜி20 தலைவர்களுக்குக் குடியரசுத் தலைவர் விருந்து கொடுத்தாங்க. அந்த மெனுவைத் தேடிப் பாருங்க. முதல்ல தினையில செஞ்ச மொறுமொறு. நடுவுல பலாப்பழ ஐட்டம், கூடவே சாமையில செஞ்ச மொறுமொறு. கடைசியா குதிரைவாலிப் பாயாசம் மாதிரி ஒண்ணு.

படிச்சப்ப சிரிப்பும் வந்துச்சு, வயிறும் எரிஞ்சுது. பலா, சாமை, தினை. எங்க மலையைத் தூக்கி அப்படியே தட்டுல வெச்ச மாதிரி இருந்துச்சு. சாமைக் களியும் சாமைச் சோறும் எங்க பாட்டிங்களுக்கு விருந்து இல்ல, தினசரி சோறு.

அந்தச் சாமைக்கு நாட்டுல குறைந்தபட்ச ஆதரவு விலை எவ்வளவு தெரியுமா? கிடையாது. கம்மின்னு சொல்லல, அப்படி ஒரு விலையே கிடையாது. ஒன்றிய அரசு ஆதரவு விலை அறிவிக்கிற 22 பயிர் பட்டியல்ல சோளம் இருக்கு, கம்பு இருக்கு, ராகி இருக்கு. சாமை இல்ல, தினை இல்ல, குதிரைவாலி இல்ல, வரகு இல்ல. உலகத் தலைவர்களுக்குப் பரிமாறின மூணும் லிஸ்ட்லயே இல்ல.

ராகியை எடுத்துக்கங்க. அதுல மோடி ஆட்சிக்கு மார்க் போடத்தான் வேணும். 2013-14-ல குவிண்டாலுக்கு 1,500 ரூபா, 2025-26-ல 4,886 ரூபா. மூணு மடங்குக்கு மேல. விலை அறிவிச்சா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னுதானே இதைக் காட்டி அவங்களே பெருமைப்படுறாங்க? அப்ப சாமைக்கு ஏன் அறிவிக்கக் கூடாது? ஸ்ரீ அன்னாவில சாமை சேர்த்தி இல்லையா?

கொல்லிமலையில சாமையும் தினையும் விளைஞ்ச நிலத்துல பெரும்பகுதி இப்ப குச்சிக்கிழங்குதான். காரணம் ரொம்ப எளிசு. கிழங்குக்கு லாரி வரும், சேலம் நாமக்கல் சேகோ மில்லுங்க வாங்கும், கையில காசு வரும். சாமையை அறுத்து, அடிச்சு, உமி நீக்கறதுக்குள்ள பொம்பளைங்க இடுப்பு ஒடிஞ்சுரும். அதுக்கப்புறம் அதை என்ன விலைக்கு வாங்குவான்னு யாவாரிதான் சொல்லணும். ரேஷன்ல அரிசி வேற கிடைக்குது. அப்ப யார் சாமை விதைப்பாங்க? ஆனா கிழங்கு விலை விழுந்தா மொத்தக் குடும்பமும் விழுது, மண்ணும் வருஷத்துக்கு வருஷம் சத்துப் போயிட்டே இருக்கு.

இந்தச் சிறுதானியம் மலையை விட்டே போயிரக் கூடாதுன்னு 1990-கள்ல இருந்து இங்க விதையைச் சேர்த்து வெச்சு, உமி நீக்கற மிஷினைக் கொண்டு வந்து வேலை பாத்தது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். அந்தச் சுவாமிநாதனுக்கு 2024 பிப்ரவரியில பாரத ரத்னா அறிவிச்சாங்க. கொடுத்தது சரி, சந்தோஷம், யாரும் குறை சொல்லல. ஆனா அவர் தலைமையில 2004-ல இருந்து 2006 வரைக்கும் வேலை பாத்த விவசாயிகள் ஆணையம் என்ன சொல்லுச்சு? மொத்தச் செலவு கூட பாதி லாபம் சேர்த்து ஆதரவு விலை கொடுங்கன்னுச்சு. மொத்தச் செலவுன்னா சொந்த நிலத்தோட வாடகை, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்து. 2018 பட்ஜெட்ல "ஒன்றரை மடங்கு கொடுத்துட்டோம்"னு அறிவிச்சப்ப அந்த வாடகையையும் வட்டியையும் கழிச்சுட்டுப் போட்ட கணக்கு அது. கைக்காசுச் செலவும் வீட்டு ஆளுங்க உழைப்பும் மட்டும்தான் அதுல. மெடல் மாட்டிவிட்டாங்க, ஃபார்முலாவை வாசலோட நிறுத்திட்டாங்க.

இதைப் போய் மாமாகிட்ட சொல்லிப் பாருங்க. "ஒண்ணுமே செய்யல"ன்னு சொன்னதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியும்.

மிளகுக்கு வந்தா கணக்கு கொஞ்சம் சிக்கல். 2016 வாக்குல கிலோ 700 ரூபா வரைக்கும் போன மிளகு, அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல ஏறக்குறைய பாதியா விழுந்துச்சு. வியட்நாம் மிளகு இலங்கை வழியா சுத்தி இந்தியாவுக்குள்ள வந்ததும் அதுக்கு ஒரு காரணம். இதுக்கு மோடியை மட்டும் கை காட்ட முடியாது. இலங்கையோட ஒப்பந்தம் 1998-ல வாஜ்பாய் காலத்துல போட்டது, ஆசியான் ஒப்பந்தம் 2009-ல மன்மோகன் காலத்துல போட்டது. இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபான்னு 2017 டிசம்பர்ல குறைந்தபட்ச விலை வெச்சது இந்த அரசுதான். நல்ல முடிவு. ஆனா அதுக்கப்புறமும் விலை விழுந்துச்சே, அப்ப துறைமுகத்துல, சுங்கத்துல என்ன நடந்துச்சுன்னு கேக்கலாம். இப்ப விலை மறுபடி ஏறியிருக்கு. ஏறுனதுக்கு அவர் காரணம் இல்லேன்னா விழுந்ததுக்கும் முழுக் காரணம் அவர் இல்ல. ரெண்டுக்கும் ஒரே தராசு வெக்கணும்.

100 நாள் வேலைதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற இடம்.

2015 பிப்ரவரி 27 மக்களவையில பிரதமர் இந்தத் திட்டத்தை காங்கிரஸ் தோல்வியோட நினைவுச் சின்னம்னு கேலி பண்ணார். அதனாலேயே இதை நிறுத்த மாட்டேன், மேளதாளத்தோட நடத்துவேன்னார். அஞ்சு வருஷம் கழிச்சுக் கொரோனா வந்துச்சு. வெளியூர் போன கூலி ஆளுங்க எல்லாரும் ஊருக்கு நடந்தே திரும்புனாங்க. அப்ப நாட்டைத் தாங்குனது எது? அதே நினைவுச் சின்னம்தான். 2020 மே மாசம் பட்ஜெட்டுக்கு மேல இன்னும் 40,000 கோடி இதுக்கு ஒதுக்குனாங்க. எங்க மலையில கீழ திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போயிருந்த பசங்க திரும்பி வந்து மம்பட்டி புடிச்சதை நான் பாத்திருக்கேன்.

அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்க? 2023 ஜனவரியில இருந்து ஆப்லதான் வருகைப் பதிவுன்னாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு போட்டோ. சிக்னல் இல்லாத இடத்துல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு, சிக்னல் வர்ற மேட்டுக்குப் போய் அப்லோடு பண்ணணும். 1,000 நாள்ல ஃபைபர் தரேன்னு சொன்னவங்க, ஃபைபர் வர்றதுக்கு முன்னாடி ஆப்பைக் கொண்டு வந்துட்டாங்க. 2024 ஜனவரியில இருந்து ஆதார் இணைப்பு வழியாத்தான் கூலின்னாங்க. தமிழ்நாட்டுக்கு 2024 நவம்பர் கடைசியில இருந்து கூலி வரல, 1,056 கோடி பாக்கின்னு முதலமைச்சர் 2025 ஜனவரியில பிரதமருக்குக் கடிதமே எழுதினார். பொங்கலுக்கு முன்னாடி. வேலை செஞ்சு முடிச்ச கூலிங்க அது, மானியம் இல்ல.

2025 டிசம்பர்ல அந்தச் சட்டத்தையே எடுத்துட்டுப் புதுச் சட்டம் கொண்டு வந்துட்டாங்க. காந்தி பேர் போச்சு. 125 நாள்னு எழுதியிருக்கு, அதை அவங்க ஆளுங்க போஸ்டர் அடிச்சு ஒட்டுறாங்க. போஸ்டர்ல இல்லாத ரெண்டு விஷயம் சொல்றேன். முன்னாடி கூலிக்காசு முழுக்க ஒன்றிய அரசு கொடுத்துச்சு, இனி நூத்துல 40 ரூபா மாநிலம் போடணும். ரெண்டாவது, விதைப்பு அறுவடை சீசன்ல வருஷத்துக்கு 60 நாள் வரைக்கும் வேலையை நிறுத்தி வெக்கலாம். 100 நாள் சட்டத்துல நிஜமா ஒரு குடும்பத்துக்கு நாடு முழுக்கச் சராசரியாக் கிடைச்சதே 50 நாள் சொச்சம்தான். 125 வரும்னு நம்பச் சொல்றாங்க. இதுல நான் அவங்களுக்கு மார்க் போட மாட்டேன்.

அவங்க பக்கத்துல இருந்து அடிக்கடி ஒரு ஃபார்வர்டு வரும். பழங்குடிகளுக்கு 24,000 கோடி, பிஎம் ஜன்மன், கொல்லிமலை மக்களே நன்றி சொல்லுங்கன்னு. ஜன்மன் திட்டம் 75 மிக நலிவடைந்த பழங்குடிச் சமூகங்களுக்கானது. தமிழ்நாட்டுல ஆறு சமூகம் அதுல வரும்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். கொல்லிமலையில இருக்குற மலையாளி சமூகம் அந்தப் பட்டியல்ல இல்ல. அது தப்பும் இல்ல, ரொம்பக் கஷ்டத்துல இருக்குறவங்களுக்கு முதல்ல போகட்டும். ஆனா வராத பணத்துக்கு நன்றி கேக்கறது எந்த ஊர் நியாயம்?

அடுத்து, "உலகத்துலயே மக்கள் ஆதரவு அதிகம் உள்ள தலைவர், 75 சதவீதம்"னு மாசாமாசம் ஒரு படம் சுத்துது. மார்னிங் கன்சல்ட்ங்கற அமெரிக்க நிறுவனத்தோட சர்வே. அது பொய் இல்ல. ஆனா அது இன்டர்நெட்ல எடுக்குற சர்வே, இந்தியாவைப் பொறுத்தவரைக்கும் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களைத்தான் அது பிரதிபலிக்குதுன்னு அந்த நிறுவனமே குறிப்பு போட்டிருக்கு. சிக்னல் தேடி மேடு ஏறுற அக்கா அந்த 75-லயும் இல்ல, மிச்ச 25-லயும் இல்ல. அதே சமயம் மூணு தடவை ஜெயிச்சவர்ங்கறதும் உண்மை. 303 சீட்டு 240 ஆனதும் உண்மை. தமிழ்நாட்டுல அவங்களுக்கு சீட்டு பூஜ்யம், ஆனா ஓட்டு 2019-ல 3.66 சதவீதம் இருந்தது 2024-ல 11 சதவீதத்தைத் தாண்டிருச்சு. போட்டி போட்ட தொகுதி 5-ல இருந்து 23 ஆனதும் அதுக்கு ஒரு காரணம், அதையும் சேர்த்துத்தான் படிக்கணும். ஆனா "நோட்டாவோட போட்டி போடுற கட்சி"ன்னு இன்னமும் ஸ்டிக்கர் போட்டுட்டு இருக்குற தோழர்கள் அந்த நம்பரை ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்க.

இவ்வளவு கேள்வி இருக்கே, இதையெல்லாம் அவர்கிட்டயே யாராவது கேட்டாங்களான்னா, எங்க கேக்கறது? மன்மோகன் சிங்கை 'மௌன மோகன்'னு கிண்டல் பண்ணாங்க. அவர் 2014 ஜனவரி 3-ஆம் தேதி, ஊழல் புகார் தலைக்கு மேல இருந்தப்பவே, பத்திரிகையாளர்கள் முன்னாடி உக்காந்து ஒரு மணி நேரத்துக்கு மேல கேள்வி வாங்குனார். மோடி 2019 மே 17-ல கட்சி ஆபீஸ்ல பிரஸ் மீட்டுக்கு வந்தார், பேசினார். கேள்வி வந்தப்ப அமித் ஷா பக்கம் கையைக் காட்டினார். மணிப்பூர் 2023 மே 3-ல எரிய ஆரம்பிச்சுது, பிரதமர் அங்க போனது 2025 செப்டம்பர் 13. நடுவுல ரெண்டு வருஷம் நாலு மாசம். ஒரு மலை மாநிலம், பழங்குடி மக்கள், முகாம்ல கிடந்தாங்க. எங்களை மாதிரி மலையில இருக்குறவங்களுக்கு அது சும்மா ஒரு நியூஸ் இல்லீங்க.

டீக்கடையில பேசறப்ப எங்க மாமா கடைசியா ஒண்ணு கேட்டார். "நீங்க வந்தா மட்டும் சாமைக்கு விலை குடுத்துருவீங்களாடா மாப்ள?" நியாயமான கேள்வி. அதுக்கு மீம் போட்டுப் பதில் சொல்ல முடியாது. அதனால ஒரு வேலை சொல்றேன்.

அடுத்த கிராம சபைக் கூட்டம் வருது. கொல்லிமலையோட 14 ஊராட்சியிலயும் நம்ம தோழர்கள் போய் உக்காருங்க. ரெண்டு தீர்மானம் கேளுங்க. ஒண்ணு, சாமை, தினை, வரகு, குதிரைவாலிக்கு ஆதரவு விலை அறிவிக்கணும்னு ஒன்றிய அரசுக்கு. ரெண்டு, அந்த விலைக்கு லேம்ப் சொசைட்டி மூலமா மலையிலயே கொள்முதல் நிலையம் வெச்சு வாங்கி ரேஷன்ல கொடுக்கணும்னு மாநில அரசுக்கு. ரெண்டாவதைப் பாத்துட்டு நம்ம ஆளுங்களே சிலர் முகம் சுளிப்பாங்க, பரவாயில்ல. பாஜக தோழர் யாராவது கூட்டத்துல இருந்தா அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, சாமை அவர் வீட்டுக் காட்டுலயும்தான் விளையுது.

தீர்மான வாசகம் ஒரு பக்கத்துக்கு டைப் பண்ணி வெச்சிருக்கேன். நாமக்கல் மாவட்டத் தோழர்கள் இந்தப் பக்கத்தோட இன்பாக்ஸ்ல ஊராட்சி பேரை மட்டும் அனுப்புங்க, ஃபைல் வந்துரும். சிக்னல் இல்லாத ஊர்க்காரங்களுக்குச் சோளக்காடு சந்தை அன்னைக்குப் பிரிண்ட் எடுத்துக் கையில கொண்டு வரேன்.